கஜந்தினி நடந்த தோட்டங்கள்

கலியாணம் முடிந்து நாலாம் நாள், பொழுதுபடும் நேரம், விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி சுபாஸ்கரன் கேட்டதும் அவள் சொன்னதும் ஒன்பது வருடம் கழிந்த பிறகும் கஜந்தினிக்குச் சொல் மாறாமல் நினைவிருந்தது.

"உம்மை நுளம்பு கடிக்கிறேல்லையோ?"

"கடிக்கும்."

"நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீர் ஒருக்காலும் கையை விசுக்கேல்லை."

"என்னைக் கடிச்ச நுளம்பு திரும்பிப் போகாது. அதிலையே விழுந்திடும். விசுக்க என்ன இருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். அவளுடைய பாதத்தைச் சுற்றிச் சீமெந்துத் தரையில் பதினொரு நுளம்புகள் மல்லாந்து கிடந்தன. இன்னும் ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப என்ரை அம்மா கட்டித் தந்துவிட்ட நுளம்பு வலையைக் கரவெட்டிக்குத் திருப்பி அனுப்பட்டோ?" என்றான். கஜந்தினி அன்றைக்குத்தான் அவனுக்கு முன்னால் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள்.

ஊருக்கு இது பழைய செய்தி. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படித்த காலத்தில், தலையில் பேன் உள்ள பிள்ளைகளை ரீச்சர் முறை வைத்துக் கஜந்தினிக்குப் பக்கத்தில் இருத்துவார். ஒரு கிழமை போதும். பேனோடு ஈரும் காய்ந்து உதிர்ந்துவிடும். மாரி தொடங்கி ஈசல் கிளம்பினால் சண்டிலிப்பாயில் மற்ற வீட்டுக்காரர் விளக்கை அணைப்பார்கள். மார்க்கண்டு மாத்திரம் மகளை விளக்கடியில் இருந்து படிக்கச் சொல்லிவிட்டு, விடிந்ததும் தும்புத்தடியால் கூட்டி அள்ளுவார். அந்த வீட்டுச் சீனிப் போத்தலைத் தேடி எறும்பு வந்ததில்லை. பிள்ளையின் இராசி என்றார்கள். நல்ல இராசியா கெட்ட இராசியா என்று யாரும் கேட்கவில்லை. அவள் முற்றத்தில் விளையாடினால் வாழைக்குலைக்குப் பூச்சி வராது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மார்க்கண்டு நல்ல தோட்டக்காரர். வெங்காயம், புகையிலை, பீற்றூட், கத்தரி என்று பன்னிரண்டு பரப்பில் நிலம் ஒரு நாளும் சும்மா கிடந்ததில்லை. இடையில் சண்டை நாட்களில் யூரியாவும் மருந்தும் வராமல் இருந்த குறையைப் பாதை திறந்த பிறகு அவர் வட்டியோடு ஈடு செய்தார். நெல் அளக்கிறவர்கள் முதற் கொத்தை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணுவது ஊர் வழக்கம். லாபம், இரண்டு, மூன்று என்று போவார்கள். மார்க்கண்டுவின் குடும்பத்தில் மட்டும் லாபம் சொல்லி ஒரு கொத்தைப் போட்ட பிறகுதான் ஒன்று தொடங்கும். லாபம் மண்ணுக்கு, ஒன்றிலிருந்து பயிருக்கு என்பது அவருடைய தகப்பன் விட்டுப்போன சொல். விதைக்கும் எருவுக்கும் அதனால் ஒரு கெடுதியும் வந்ததில்லை. பூச்சிமருந்துப் போத்தலின் மூடியையும் அவர் அதே முறையில் அளந்தார். மூன்று மூடி என்று போத்தலில் எழுதியிருந்தால், "லாபம், ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சத்தமாக எண்ணி மருந்தடிக்கும் மெசினுக்குள் ஊற்றினார். மகள் தொட்டிக்கட்டில் இருந்து காலை ஆட்டியபடி கூடவே எண்ணினாள். அடித்து முடிந்ததும் மெசினைக் கிணற்றடியில் கழுவினார். கீழே சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லில் ஊற்றியது எதுவும் ஊரைவிட்டுப் போகாது. சுற்றிச் சுழன்று கிணற்றுக்கே வந்து சேரும்.

அவருடைய மனைவி நல்லம்மாவுக்குக் கஜந்தினிக்கு முன் நாலு பிள்ளைகள் தங்கவில்லை. ஐந்தாவதாக இவள் தங்கினாள். இவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது நல்லம்மா மார்பில் கட்டி வந்து செத்துப்போனாள். அதன் பிறகு மார்க்கண்டு மகளுக்குத் தலை இழுக்கவும் பின்னல் பின்னவும் பழகினார். முதல் வருடம் பின்னல் வெங்காயப் பிடி கட்டினது போல இருந்தது. இரண்டாம் வருடம் ஊர்ப் பெண்களே நின்று பார்த்தார்கள். நாலு பேருக்குப் போக வேண்டிய அன்பும் ஒருத்திக்கே கிடைத்தது என்று சொல்வார்கள். அது உண்மை. வீடும் பன்னிரண்டு பரப்பும் கிணறும் அவளுக்கே சீதனமாக எழுதப்பட்டன. உவர்க் கிணறுகள் பெருகிய நாட்டில் அது நல்ல தண்ணிக் கிணறு. மாப்பிள்ளை வீட்டார் வந்து ஒரு செம்பு குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்கள். கலியாணத்துக்குப் பிறகு மார்க்கண்டு பின்பக்கத்து அறைக்கு மாறினார். ஒவ்வொரு நாளும் காலை, வேறு யாரும் கயிற்றைத் தொடுமுன் முதல் வாளியை அள்ளிக் குடத்தை நிரப்பி, மகளின் குசினி வாசலில் கொண்டுவந்து வைப்பார். பம்பு இருந்தது, குழாய் இருந்தது. அந்த ஒரு குடம் மட்டும் கையால்.

கஜந்தினியின் நடையைப் பயிருக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பரமலிங்கம். கலியாணமான வருடம் அவள் குறுக்குவழியாக அவருடைய கத்தரிக்குள்ளால் கடைக்குப் போய் வந்தாள். அவள் போன வரிசையில் புழுக்கள் எல்லாம் இலையைவிட்டு நிலத்தில் விழுந்து கிடந்தன. மற்ற வரிசைகளில் தின்றுகொண்டிருந்தன. பரமலிங்கம் அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு வேலியடிக்கு வந்தார்.

"பிள்ளை, மிச்ச வரிசையளுக்குள்ளாலையும் ஒருக்கா நடந்துவிடு மோனை. ஆறுதலா நட, ஓடாதை."

அதற்குப் பிறகு அவள் நடந்தாள். மார்க்கண்டு பெருமைப்பட்டார், மருந்து வாங்குவதை நிறுத்தினார், மெசினை மேல்தட்டில் கவிழ்த்து வைத்தார். மற்றவர்கள் நாள் கேட்டு வந்தார்கள், போகும்போது பூசணித் துண்டோ ஒரு பிடி கீரையோ வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு விதி மாத்திரம் இருந்தது. ஒருமுறை பாகல் பந்தலுக்குள் விட்டபோது தேனீக்களும் விழுந்து, அந்தப் போகம் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அதிலிருந்து வெங்காயம், கீரை, கோவா, பூப்பதற்கு முந்திய கத்தரி, இவற்றோடு சரி. "பூக்கிற பயிருக்கை இவளை விடாதேங்கோ," என்று அவளுக்கு முன்னாலேயே சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாற்று எத்தனை அங்குலத்தில் நட வேண்டும் என்பதைச் சொல்லும் குரலில் சொன்னார்கள்.

இரண்டாயிரத்துப் பதினாறில் முதற் பிள்ளை உண்டானது. சுபாஸ்கரன் அவளைப் பின்னால் ஏற்றி மோட்டார்சைக்கிளைத் துவிச்சக்கரவண்டி வேகத்தில் ஓட்டினான். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோன் அடித்தே அலுத்துப் போனார்கள். ஐந்தாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பிள்ளை போய்விட்டது. நோவில்லை. சத்தமில்லை. ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டில் காரணம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. மூன்று கிழமை கழித்துப் பரமலிங்கம் தன் கோவாவுக்கு அவளைக் கூப்பிட்டார், நடந்து முடிய வேலியில் கையை ஊன்றியபடி யோசித்தார்.

"குறை நினையாதை பிள்ளை, இந்த முறை உன்ரை நடை கொஞ்சம் பலங் குறைஞ்சு போச்சு. புழு விழ மத்தியானமாப் போட்டுது."

அவர் நல்ல மனுசன். பிள்ளை போனது அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. கஜந்தினிக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள். தனக்குள் கிடந்ததில் ஒரு பங்கைப் பிள்ளை தன்னோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. தாய்க்குச் செய்யக்கூடிய உதவி என்று அதற்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

நாலு மாதத்தில் பலம் திரும்பி வந்தது. பதினெட்டில் இரண்டாவது பிள்ளை நாலாம் மாதத்தில் போனது. கத்தரிப் புழு விழப் பிற்பகல் ஆனது. இருபத்தொன்றில் உரமும் மருந்தும் நாட்டுக்குள் வராமல் நிறுத்தப்பட்டன. அந்த வருடம் சண்டிலிப்பாயிலும் சுற்று ஊர்களிலும் அவள் நடக்காத வெங்காயத் தோட்டம் இல்லை, நாற்பத்தொரு தோட்டங்கள். மூன்றாவது பிள்ளை அவளோடு ஆறாம் மாதம்வரை நடந்தது. அந்தப் பிள்ளையும் போன அதே மாதத்தில் பட்டணத்திலிருந்து சிலர் வந்து, நஞ்சு கலவாத தோட்டம் என்று மார்க்கண்டுவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அவர் நல்லம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மூன்று பிள்ளைகளுக்காகவும் நேர்த்தி வைத்து மூன்று முறை வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தவரும் அவர்தான்.

கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர் குடும்பநல மருத்துவ மாது அருந்ததி. இருபத்தெட்டு வருடமாக அந்தப் பகுதி வீடுகளுக்கு ஸ்கூட்டரில் வருகிறவர். வயிற்றைத் தொட்டே மாதம் சொல்லுவார். தன் பதிவேட்டில் எந்தத் தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் தங்கவில்லை என்பதைச் சிவப்புப் பேனையால் குறித்து வைத்திருந்தார். அதை மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் பெற்றுக்கொண்டதாகப் பதில் போட்டார்கள். தண்ணீரைப் பற்றி வந்த கடிதத்தில் குடிக்க உகந்ததல்ல என்று இருந்தது. சுபாஸ்கரன் அன்றே பெரிய கான் ஒன்றில் வெளித்தண்ணீர் வாங்கி வந்தான். மார்க்கண்டு கானைப் பார்த்தார், கடிதத்தை வாசித்தார், மடித்துக் கொடுத்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு அள்ளி, மகளும் மருமகனும் பார்க்க நின்ற நிலையில் முழுவதையும் குடித்தார்.

"எழுவத்திரெண்டு வயசு. இந்தத் தண்ணிதான். எனக்கு என்ன செய்தது, சொல்லுங்கோ பாப்பம்."

ஒன்றும் செய்யவில்லை. அவருக்குள் தங்க வேண்டியது என்று ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு கஜந்தினி அவர் கொண்டுவந்து வைக்கும் குடத்தை மல்லிகைக்கு ஊற்றிவிட்டுக் கான் தண்ணீரைக் குடித்தாள். அருந்ததி அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

"தண்ணியாலை மட்டும் வந்ததெண்டால் தண்ணியை மாத்தலாம். இது மண்ணிலை கிடக்கு, கீரையிலை கிடக்கு, நீர் கூட்டிற தூசியிலையும் கிடக்கு. இடத்தை மாத்தும் பிள்ளை."

"எங்கை மிஸ் போறது? இது என்ரை சீதன வீடு."

"சீதனத்தை ஆரும் தோளிலை தூக்கிக்கொண்டு ஓடமாட்டினம். அது இஞ்சை கிடக்கும். நீர் போம்."

போவது கடினமான காரியம் இல்லை. ஒரு வாகனம் பிடித்தால் முடிந்தது. போவதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே, அதுதான் நெஞ்சில் நின்றது. ஏன் என்று அப்பா கேட்பார். கேட்டால் மூடியும் மெசினும் கிணற்றடியும் வரும். அதற்குப் பின்னால் நல்லம்மாவின் நாலும் நல்லம்மாவும் வருவார்கள். பின்னல் பின்னப் பழகிய கையைப் பிடித்து, இந்தக் கைதான் அப்பா என்று எந்த மகள் சொல்லுவாள்? சுபாஸ்கரன் பல முறை, "நான் மாமாவோடை கதைக்கிறன்," என்று எழுந்தான். ஒவ்வொரு முறையும் அவள் அவனுடைய சேட்டுக் கையைப் பிடித்து இருத்தினாள். நீங்கள் கேட்டால் மருமகன் பெட்டையைக் கொண்டுபோறான் என்று ஆகிவிடும், கேட்கிறதென்றால் நான்தான் கேட்க வேண்டும் என்றாள். கேட்கத்தான் இல்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு கேட்கலாம் என்று ஒரு வருடம் நினைத்தாள். அப்பாவின் கண் ஒப்பரேசன் முடியட்டும் என்று ஒரு வருடம். கேட்க வேண்டிய வசனத்தைக் குசினிக்குள் தனியாக நின்று சொல்லிப் பார்த்தாள். அம்மியில் அரைக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

இருபத்துநாலாம் ஆண்டு சித்திரையில், அரியாலையில் இருந்த சுபாஸ்கரனின் அக்கா பிரசாந்தி கடற்கரையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கஜந்தினி சமைத்துக் கொடுக்கப் போய்ப் பதினாறு கிழமை நின்றாள். பிரசாந்தியின் வீடு களப்போரம். சுற்றிலும் தோட்டம் இல்லை, உப்புக் காற்றுத்தான். கிணறு உவர் என்பதால் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தார்கள். மார்க்கண்டு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி, மகளுக்கு ஊர்த் தண்ணீர் கானில் கொண்டு வந்தார். அவள் அதை வாங்கி அவருக்கு முன்னால் உதட்டில் வைத்துவிட்டு, அவர் போன பிறகு செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றினாள். பல வருடமாக அதைப் பிடித்திருந்த வெள்ளைப் பூச்சி ஒரே கிழமையில் உதிர்ந்தது. பிரசாந்தி, "உங்கடை கொப்பர் என்ன, தீர்த்தமோ கொண்டாறார்?" என்றாள்.

ஏழாவது கிழமை, மத்தியானம், இறால் உரித்துக்கொண்டிருந்தபோது கஜந்தினியின் முழங்கையில் ஒரு நுளம்பு இருந்தது. கடித்தது. வயிறு சிவந்தது. பிறகு எழும்பிப் பறந்து, ஜன்னல் கம்பியில் ஒரு தரம் தங்கி, வெளியே போய்விட்டது. அவள் கத்தியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்த இடம் தடித்தது, அரித்தது. முப்பத்துமூன்று வயதில் அவளுக்கு அது புது அனுபவம்.

"மச்சாள், என்னை நுளம்பு கடிச்சுப்போட்டுது."

"அதுக்கேன் அழுகிறீர்? தேங்காயெண்ணெய் பூசும்."

சனிக்கிழமை சுபாஸ்கரன் வந்ததும் முழங்கையைக் காட்டினாள். தடிப்பு அடங்கி ஒரு சின்னச் சிவப்புப் பொட்டுத்தான் மிஞ்சியிருந்தது. புதுக் காப்பு வாங்கிப் போட்ட கையைப் பார்ப்பது போல அவன் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த மாதம் அவள் நாலாவது தடவையாக உண்டானாள். இருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிரசாந்தியின் கால் பொருந்தியது. மார்க்கண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். வீடு இருண்டு கிடக்குது பிள்ளை என்றார், பரமலிங்கத்தின் வெங்காயமும் காத்துக்கொண்டிருக்குது என்றார். கஜந்தினி வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் அவளுடைய பையை ஓட்டோவில் ஏற்றிவிட்டார். அவள் வந்தாள். முதற் கிழமை நுளம்புகள் கடித்துவிட்டுத் தள்ளாடிப் பறந்தன. இரண்டாம் கிழமை சுவர்வரை போய் விழுந்தன. பதினேழாம் நாள், கடித்த இடத்திலேயே கிடந்தன. அன்று அருந்ததி வந்து வயிற்றில் கை வைத்து, மூன்று மாதம் என்றார். பிறகு கையை எடுக்காமல், "பிள்ளை, இன்னும் எவ்வளவு நாள் யோசிக்கப் போறீர்?" என்று கேட்டார். வேலிக்கு அப்பால் நின்ற பரமலிங்கம், வியாழக்கிழமை வெங்காயத்துக்கு நடக்க வர வசதிப்படுமோ என்று கேட்டார்.

புதன்கிழமை காலை மார்க்கண்டு வழமை போலக் குடத்தைக் குசினி வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். மகள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் சுபாஸ்கரன் அடுப்பில் பால் பொங்குவதைக் கவனியாமல் நின்றான்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"எனக்கு மூண்டு மாசம் அப்பா."

அவருடைய ஒப்பரேசன் செய்த கண்ணும் செய்யாத கண்ணும் ஒன்றாக நிரம்பின. சால்வை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அப்ப நாளையிலையிருந்து ரெண்டு குடம்," என்றார், கிணற்றடிப் பக்கம் திரும்பினார்.

"அப்பா, நில்லுங்கோ."

அவர் நின்றார். நிலைச்சட்டத்தில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு வரிசை ஒன்று அவளுடைய கைக்குக் கிட்ட வந்து, ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தது. மார்க்கண்டு செருப்பால் அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"எங்களை அரியாலைக்குப் போகச் சொல்லுங்கோ அப்பா. இனி இஞ்சை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஏனெண்டு என்னைக் கேக்காதேங்கோ, கேட்டால் நான் சொல்லிப்போடுவன். உங்கடை வாயாலை நீங்கள் போ எண்டு சொன்னால்தான் என்னாலை இந்தப் படியாலை இறங்கேலும். எனக்கு இந்தப் பிள்ளை வேணும்."